காலிங்கராயன் அணை

மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பவானியில் இறங்குவதுண்டு. கூடுதுறையில் ஸ்நானம் செய்கிறார்கள், சங்கமேசுவரரைத் தரிசிக்கிறார்கள், ஜமக்காளம் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். பாலத்தைக் கடந்து பவானி நதியின் தென்கரைக்குப் போனால் 700 வருஷங்களுக்கு மேற்பட்ட ஓர் அணை இருக்கிறதென்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

சொல்லி அழைத்துப் போனாலும், "அணை எங்கே?" என்றுதான் கேட்பார்கள். என்னுடன் வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. 120 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி நிறுத்தும் மேட்டூரைக் கண்ட கண்ணுக்கு, நதியின் குறுக்கே தாழ்வாகப் படுத்துக் கிடக்கும் இந்தக் கல் அணை ஒரு பொருட்டாகத் தோன்றாது. வெள்ளம் வந்தால் அணையே கண்ணுக்குத் தெரியாது. நீர் அதன் தலைமேல் ஏறிக் குதித்துக் காவிரியை நோக்கிப் போய்விடும்.

ஆனால் அணையின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. தண்ணீரைச் சிறைப்பிடிப்பது அதன் நோக்கமன்று. நதியின் மட்டத்தைச் சில அடிகள் உயர்த்திக் கரையோரத்து மதகின் வழியே வாய்க்காலுக்கு வேண்டியதை மட்டும் திருப்பி விடுகிறது. மிச்சத்தைத் தடுப்பதில்லை. நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் பவானிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அத்தகைய நதியில் தேக்கி வைப்பதைவிடத் திருப்பி விடுவதே போதும் என்று கண்டவன் நதியின் சுபாவத்தை நன்றாக அறிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் பெயர் காலிங்கராயன். கொங்குநாட்டை ஆண்ட வீரபாண்டியனிடம் அதிகாரியாக இருந்தவன். வெள்ளோட்டுச் சாத்தந்தை குலத்தைச் சேர்ந்த வேளாளன். பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு 1283-ல் வேலையை முடித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஏன் இந்த வேலையில் இறங்கினான் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். உறவினர் வீட்டு விருந்தில், "வந்திருப்பவர்களுக்கு எந்த அரிசி போடலாம்?" என்று சமையற்காரன் கேட்டானாம். "கம்பு விளையும் ஊர்க்காரர்களுக்கு எந்த அரிசியானால் என்ன?" என்று பதில் வந்ததாம். அந்த வார்த்தை சுட்டது. தன் ஊரில் நெல் விளைவித்தே தீருவது என்று புறப்பட்டுவிட்டான். சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்புவார்களோ என்னவோ, கொங்குநாட்டு மனிதர்களின் ரோஷத்தை அறிந்த எனக்கு இதை நம்புவதில் சிரமம் இல்லை.

அணையைக் காட்டிலும் வாய்க்கால்தான் அதிசயம். அணையருகே புறப்பட்டு, ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு, கொடுமுடிக்கு அப்பால் ஆவுடையாபாறை என்ற இடத்தில் நொய்யலில் கலக்கிறது. நீளம் 56 மைல்; இன்றைய கணக்கில் 90 கிலோமீட்டர். நேர்கோடு போட்டால் ஏறக்குறையப் பாதிதான் வரும். அப்படி வளைந்து வளைந்து போவதால் 'கோணவாய்க்கால்' என்று ஓர் இடத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியது என்பது ஐதீகம். கரையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் பிள்ளைகளுக்குச் சொன்ன விளக்கம் இது:

"நேரா வெட்டியிருந்தாத் தண்ணி பறிச்சுக்கிட்டுப் பள்ளத்துக்கு ஓடிப் போயிருக்குமுங்க. மேட்டோரமா வளைஞ்சு போறதாலதான் எல்லா வயலுக்கும் ஏறிப் பாயுது."

பூகோள வகுப்பில் சமமட்டக் கோடு என்று நான் ஒரு மணி நேரம் சொல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில் கிடக்கும் நிலமே ஆயக்கட்டு. வயலில் பாய்ந்து எஞ்சியது காவிரிக்கே வடிந்துவிடுகிறது.

ஆயக்கட்டின் விஸ்தீரணம் 15,743 ஏக்கர். நெல், மஞ்சள், கரும்பு, வாழை. 1955-ல் மேலே பவானிசாகர் அணை கட்டி முடிந்து, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் புதிய பாசனம் ஏற்பட்ட பிறகும், கொடிவேரி வாய்க்கால்களுக்கும் காலிங்கராயனுக்கும் பழைய பாத்தியதை நிலைத்தது. புதிய ஆயக்கட்டுக்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. மழை குறைந்த வருஷங்களில் வழக்குவரை போயிருக்கிறார்கள்.

காலிங்கராயனுக்கே அந்தக் காலத்தில் ஒரு பழி வந்ததாம். சொந்த நிலத்துக்காகவே வாய்க்கால் வெட்டினான் என்று ஊரார் பேசினார்கள். "என் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள்" என்று சபதம் செய்து, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குழிக்குக் குடிபெயர்ந்தான் என்கிறார்கள்.

இன்று ஈரோட்டுக்குக் கீழே யாருமே அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்குத் தொடுவதில்லை. அதற்குக் காரணம் சபதம் அன்று. தோல் பதனிடும் சாலைகளின் கழிவும், சாயப் பட்டறைகளின் கழிவும், நகரத்துச் சாக்கடையும் வாய்க்காலைத் தேடி வருகின்றன. பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்ற ஓடைகள் ஒரு காலத்தில் மழைநீரைச் சுமந்தவை; இப்போது சுமப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கழிவை ஒதுக்கிக் கொண்டுபோக வாய்க்காலின் ஓரத்திலேயே 'பேபி கால்வாய்' என்று ஒரு சிறு கால்வாய் கட்டினார்கள். தோல் சாலையின் கழிவை அதன் வாசலிலேயே நிறுத்தாமல் இரண்டாவது கால்வாய் வெட்டி வழியனுப்புவது என்ன யோசனையோ, எனக்கு விளங்கவில்லை.

வாய்க்கால் போய்ச் சேரும் நொய்யலில் 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். திருப்பூரின் சாயநீர் அதில் வந்து தேங்கியது. தண்ணீர் வேண்டுமென்று கேட்க வேண்டிய விவசாயிகள், "தேக்காதீர்கள், திறந்தும் விடாதீர்கள்" என்று கதறும்படி ஆயிற்று. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. காலிங்கராயன் அணை எதையும் தேக்குவதில்லை. ஆகையால் அதன் வாய்க்காலில் விழுந்த அழுக்கு குளமாக நின்று எல்லோருக்கும் தெரிவதில்லை. மடை மடையாக வயலுக்குள் போய்விடுகிறது.

"சின்ன வயசுல இதுல குதிச்சு நீந்துவோமுங்க. தாகம் எடுத்தா அப்படியே அள்ளிக் குடிப்போம்" என்றார் முதியவர். அவர் உட்கார்ந்திருந்தது அணைக்குப் பக்கத்தில், ஈரோட்டுக்கு மேலே. அங்கே தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் ஓடுகிறது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு அனுமதிக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். மதகுப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டேன்.