அலைவாசலில் ஏழு நாள்

திருக்கடையூரில் எனக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடந்தது ஒரு மாசி மாதத்தில். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த பெருமான் எழுந்தருளியுள்ள தலம் அது. கலச தீர்த்தம் தலையில் விழுந்தபோது கண்களை மூடியிருந்தேன். திறந்தபோது உறவினர் அனைவரும் எதிரே நின்றிருந்தனர், ஒருவனைத் தவிர. என் தம்பி வரவில்லை. நான் அவனை அழைக்கவில்லை.

கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்விக வீட்டில் தம்பிதான் குடியிருந்தான். தந்தையாரை இறுதிவரை பார்த்துக்கொண்டவனும் அவனே. தந்தையார் காலமானபின், என் பாதிப் பாகத்துக்குரிய மதிப்பைப் பணமாகத் தருமாறு கேட்டேன். அவனால் இயலவில்லை. ஆறு ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமற் போயிற்று. சட்டப்படி நான் கேட்டது சரிதான். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பத்திரங்களைச் சரிபார்த்த எனக்கு, சட்டப்படி சரியானால் எல்லாம் சரி என்பதே எண்ணம்.

வைபவம் முடிந்து உறவினர் சென்றபின், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரங்கம்பாடியில் ஏழு நாள் தங்குவதென முன்பே முடிவு செய்திருந்தோம். கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரம்மாள் கணவரை இழந்தவர், என் வயதினர். பழக்க தோஷம் விடுமா? வீட்டிலுள்ள பாத்திரம், பாய், நாற்காலி அனைத்தையும் பட்டியலிட்டு, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

கடலோர வீட்டில் தங்கியவர்களுக்கே அதன் இயல்பு தெரியும். தாழ்ப்பாளில் உப்பு பூத்திருந்தது. எத்தனை முறை பெருக்கினாலும் திண்ணையில் மணல். கிணற்று நீர் குளிக்க மட்டுமே ஆகும். குடிநீரைக் குடத்தில் கொண்டுவர வேண்டும். இரவெல்லாம் அலையோசை.

காலையில் மாசிலாமணிநாதர் கோயிலுக்குச் செல்வோம். 1306-ஆம் ஆண்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த ஆலயம் அது. கிழக்கே கடலை நோக்கி நிற்கிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அலைகளைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மன்னன் கொடுத்த மண் கரைந்துகொண்டிருக்க, எஞ்சிய இடத்தில் இறைவன் அமைதியாக வீற்றிருக்கிறார்.

மாலையில் டேனியர் கோட்டைப் பக்கம் நடப்போம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர், டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் மடல் வரைந்து, இங்கே வணிகம் செய்ய இடமளித்தார். டேனியர் அதற்காக ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் செலுத்தி வந்தனர். 1845-இல் ஆங்கிலேயருக்கு ஊரை விற்றுச் சென்றனர். பொன்னில் எழுதிய பத்திரத்தைவிட உறுதியான பத்திரம் உண்டோ? அந்த ஏடு இன்றும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. கோட்டை மதிலருகே இதை மனைவியிடம் சொன்னேன். அவள், "உங்கள் தம்பியை அழைத்திருக்கலாம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் மாலை, வீட்டுக்காரம்மாள் குடிநீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். 2004 ஆழிப்பேரலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய கொழுந்தனாரின் குடிசை போய்விட்டதாம். இந்த வீடு மட்டும் சுவர்களோடு நின்றதாம். இரண்டு குடும்பங்களும் மூன்று ஆண்டுகள் ஒரே அடுப்பில் உலை வைத்தார்களாம்.

"அவர்கள் பாகம் கேட்கவில்லையா?" என்றேன். என் வாயில் வந்த கேள்வி அதுதான்.

"கேட்டா கொடுத்திருப்போம் ஐயா. கடல் கேக்காமலே எடுத்துக்குது. கூடப்பொறந்தவங்க கேட்டுத்தானே வாங்குறாங்க" என்று சொல்லிவிட்டு, வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. மாற்றுடை இல்லாத நாளிலும் அந்த அம்மாள் கணக்குப் பார்க்கவில்லை. ஓய்வூதியம், சொந்த வீடு, பிள்ளைகளின் ஆதரவு எல்லாம் பெற்ற நான், தந்தையாருக்கு மருந்து கொடுத்த கையிடம் கணக்குக் கேட்டிருந்தேன். காலனை உதைத்த பெருமானிடம் ஆயுளை வேண்டி நின்றேனே, அந்த ஆயுளை எதற்காகக் கேட்டேன்?

பொழுது விடிந்ததும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மறுமுனையில், "அண்ணா, உடம்பு சௌக்கியமா?" என்றான். ஆறு ஆண்டுகளுக்குப் பின் கேட்ட குரல். "நீயும் அவளும் புறப்பட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மறுநாள் கும்பகோணம் வெற்றிலைக் கவுளியோடு இருவரும் வந்து இறங்கினர். அவன் தலை முழுவதும் நரைத்திருந்தது. நால்வருமாகத் திருக்கடையூர் சென்று அபிராமியின் சந்நிதியில் நின்றோம். அன்றுதான் என் சஷ்டியப்தபூர்த்தி நிறைவு பெற்றதாகத் தோன்றியது. அடுத்த மாதம் என் பாகத்தைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்தேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ பத்திரங்களைப் படித்திருக்கிறேன். மனம் நிறைந்து கையெழுத்திட்டது அந்த ஒன்றில்தான்.

ஏழாம் நாள் சாவியோடு அந்தப் பட்டியலையும் வீட்டுக்காரம்மாளிடம் நீட்டினேன். அவர் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அடுத்த தடவ தம்பியையும் முதல் நாளே கூட்டிக்கிட்டு வாங்க ஐயா" என்றார்.