படகு இல்லாதவர்களுக்கும் கடல் உண்டு

எண்ணெய்க் கம்பெனிகளின் அறிக்கைகளில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் அடிக்கடி வரும். தமிழ்ச் சுருக்கத்தில் அதைப் 'பங்குதாரர்' என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடற்கரையில் பங்கு என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு படகுக்கு, வலைக்கு, கடலுக்குப் போன ஆளுக்கு என்று பிரிப்பார்கள். ஐஸ் உடைப்பவருக்கும், கூடை தூக்குபவருக்கும், இறால் உரிப்பவருக்கும் பங்கு கிடையாது, கூலிதான். நாகப்பட்டினம் கடலோரக் காலனிகளிலிருந்து வேலைக்குப் போகும் எங்கள் பெண்களில் பலர் இந்தக் கூலிக்காரர்கள். மற்றவர்கள் உப்பளத்தில்.

நிலத்தில் கிணறு தோண்டினால் பட்டா வைத்திருப்பவரைத் தேடி வருவார்கள். கடலில் பட்டா இல்லை. அதனால் படகு வைத்திருப்பவரைத் தேடி வருகிறார்கள். இரண்டு பட்டியலிலும் நாம் இல்லை. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போதும் படகையும் வலையையும் எண்ணித்தான் நிவாரணத்தின் பெரும்பகுதி வந்தது. முகாமிலிருந்து தலித் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதும், தண்ணீர் எடுக்க விடாமல் தடுக்கப்பட்டதும் அன்றே ஆவணமாகியிருக்கின்றன. மீனவ மக்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எண்ணெய் வந்தால் முதலில் அடிவாங்குவது அவர்கள். எண்ணெய் மேடையைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடலாம் என்கிறது சர்வதேசக் கடல் சட்டம். வலை வீச முடியாமல் போவது அவர்களுக்குத்தான். ஆனால் படகு நின்றால் மறுநாள் காலையில் கூடையும் நிற்கும் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனோம். கம்பெனியின் பெயர் இங்கே முக்கியமில்லை. பந்தலில் முன்வரிசை நாற்காலிகள் நிரம்பியிருந்தன. எங்கள் தெருவிலிருந்து வந்த கருவாட்டுக்கார அம்மா மைக்கைப் பிடித்ததும் மேடையிலிருந்து ஒருவர் கேட்டார்: "உங்களுக்குப் படகு இருக்காம்மா?"

"படகு இருந்தா நான் ஏன் சார் கூடை தூக்குறேன்?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மீன் வரத்து குறைந்தால் தனக்கு எத்தனை நாள் வேலை போகும், மணலில் எண்ணெய் படிந்தால் கருவாட்டை எங்கே காயவைப்பது என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தபோது அது ஒரே வரியாகியிருந்தது: 'பெண் ஒருவர் வேலைவாய்ப்பு கோரினார்.' நாங்கள் எழுந்து நின்றோம். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அவர் சொன்னது சொன்னபடி ஏறியது.

அப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. மாணவத் தோழர்கள் அதை ஒருமுறையாவது முழுசாகப் படித்துவிடுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். குறிப்பை முடிவில் உள்ளூர் மொழியில் விளக்கி வாசித்த பிறகுதான் தலைமை வகிக்கும் ஆட்சியரோ அவர் சார்பில் வந்தவரோ கையெழுத்திட முடியும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு மட்டும் அதில் கிடையாது. நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகிவிடும்.

இதுவும் பாதிக் கதைதான். 2020 ஜனவரி 16-ல் ஒன்றிய அரசு அந்த அறிவிக்கையைத் திருத்தியது. நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் திட்டங்கள் 'பி2' வகைக்கு இறக்கப்பட்டன. அந்த வகைக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. எண்ணெய் கண்டுபிடித்து, பணமெல்லாம் போட்டுவிட்டு, எடுக்கப் போகும்போதுதான் நம்மிடம் வருவார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை! அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் வயலுக்குப் போட்ட அந்த வேலி கடலுக்குள் நீளாது. 2025 பிப்ரவரியில் ஏலத்துக்கு வந்த பகுதிகளில் மன்னார் வளைகுடாவை ஒட்டி சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் ஆழ்கடலும் இருந்தது. முதல்வர் எதிர்த்துக் கடிதம் எழுதினார். காலனியில் யாரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராடினார்கள். அந்த நாட்களில் கூலி இழந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், காட்ட எங்கும் ஒரு தாள் இல்லை.

அந்தத் தாளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். தெருத்தெருவாகப் போய் பெயர், வேலை, ஒரு நாள் கூலி, மாதத்தில் எத்தனை நாள் வேலை, எந்தத் துறையில் என்று ஒரு நோட்டில் குறிக்கிறோம். கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக்கி, ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்பப் போகிறோம். கருவாட்டுக்கார அம்மாவின் தெரு முடிந்தது. அடுத்த ஞாயிறு உப்பளப் பக்கம். வர முடிந்தவர்கள் காலை 6 மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் யாரும் பேச நிற்க மாட்டார்கள்.