மெய்யும் மெய்ப்பாடும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படும் என்பதே அதன் அடிப்படை. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்தும் நமக்கு, அந்த அடிப்படைக்குள் அடங்காத உடல்களும் உண்டே என்ற எண்ணம் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வரதராஜன்பேட்டையில் நம் தெருவில் ஒரு பையன் இருந்தான். உவகை மிகுந்தால் அவன் முகம் கோணும். கை முறுக்கிக்கொண்டு பின்னே போகும். பார்ப்பவர்கள் ஏதோ வலி என்று இரங்குவார்கள். சிலர் அவன் காதுபடவே, "புத்தியும் சரியில்லையோ?" என்பார்கள். முந்திரிக்கொட்டை உடைத்தபடியே அவன் அம்மா சொல்வார்: "பொறந்ததும் அழல. அவ்வளவுதான். அவனுக்கு எல்லாம் புரியும்." 'ஆம்' என்பதற்கு அவன் கண்ணை மேலே உயர்த்துவான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் மட்டுமே இருந்தார்கள்.

"பொறந்ததும் அழல" என்ற இரு சொற்களுக்குள் மருத்துவ நூலின் ஓர் அதிகாரமே அடங்கியிருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்குப் பிறப்பின்போது பிராணவாயு திடீரென்று பெருமளவு தடைப்பட்டால், மூளையின் ஆழத்திலிருந்து வேண்டாத அசைவுகளை அடக்கிவைக்கும் நரம்பணுத் திரள்கள் பெரிதும் பட்டுப்போகின்றன. அந்தப் பருவத்தில் மிகுதியாக உழைப்பவையும், ஆகவே மிகுதியாகப் பிராணவாயு கேட்பவையும் அவைதாம். சிந்திக்கும் பகுதிகள் பலருக்குப் பெருமளவு தப்பிவிடுகின்றன. முறுக்கலும் நெளிதலும் உடனே தெரிவதில்லை. மாதங்கள் கழித்தே வெளிப்படும். உறக்கத்தில் பெரும்பாலும் அடங்கும். ஒன்றைச் செய்ய முனைந்தாலோ, மகிழ்ச்சியோ சினமோ பொங்கினாலோ கூடும். எவ்வளவு விரும்பி நீட்டுகிறானோ அவ்வளவு விலகிப்போகிறது கை. இதற்கு எந்த இயலில் இடம் தேடுவது?

வளர்ந்தவர்க்கும் இது நேர்வதுண்டு. இதயம் நின்று மீட்கப்பட்டவர்களில் சிலருக்கு, நினைவு தெளிந்தபின், குவளையை எடுக்க முனையும் கணத்தில் கை வெட்டி வெட்டி இழுக்கும். லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1963-இல் இதை விவரித்தார்கள்.

அந்தப் பையனைப் போன்ற ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதியிருக்கிறார். மாலினி சிப் 1966-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். பிறப்பின்போது ஏற்பட்ட பிராணவாயுக் குறையால் மூளை முடக்குவாதம் வந்தது. அவருடைய தாய் மிது அலூர் 1972-இல் பம்பாயில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். (சென்னையில் பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய வித்யாசாகரை நம்மில் பலர் அறிவோம்.) மாலினி பம்பாயில் பட்டமும் லண்டனில் இரு முதுகலைப் பட்டங்களும் பெற்றார். 2014-இல் வந்த 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா' படத்தைப் பார்த்தவர்கள் அவருடைய தன்வரலாற்றையும் தேடிப் படிக்கலாம். படத்தை எடுத்த ஷோனாலி போஸ் அவருடைய உறவினர்.

இவர்களிடம் கேட்க வேண்டியதை உடன் வந்தவரிடம் கேட்பதே நம்மவர் வழக்கம். முகமும் நாவும் காட்டிக்கொடுக்காத உள்ளத்தை மாலினி ஒரே விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து 2010-இல் நூலாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'.