வெண்ணெயும் சுண்ணாம்பும்

ஆலங்குளம் என்றதும் பலரும் தென்காசிப் பக்கத்து ஊரையே நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வெம்பக்கோட்டைப் பக்கம், 1970-இல் தொடங்கப்பட்ட அரசு சிமென்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் கரிசலும் பட்டாசுத் தொழிலும். மழை குறைவு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டியில் பேருந்து மாறித் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். நான் அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்தும் கரைத்தும் அளந்தவன். கடலைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. எனினும் 2023-ஆம் ஆண்டின் முதல் பாதியில் ஒரு சிறிய கடலை நான் ஏறத்தாழ அழித்துவிட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் இருப்பது கடல்நீர். சுத்திகரித்த நீரில் அதற்கென்றே விற்கும் உப்பைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் கடலின் உப்புத்தன்மைக்குக் கொண்டுவருகிறான். உள்ளே பாறைகள், அவற்றின்மேல் உயிருள்ள பவளங்கள், சில மீன்கள். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன்முன் அமர்ந்துவிடுவான். நானும் அருகில் அமர்வேன். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளும் தகப்பன் மகன் அல்ல. தொட்டி எங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

நம் நாட்டில் இப்படி வளர்க்க முடியாது என்பதை அவன்தான் சொன்னான். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், 2001-இல் பவளங்களும் சேர்க்கப்பட்டன. காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் விற்றார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெந்து படிகமான பழங்கல். அதில் சிப்பியோ பவளமோ கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை ஊற்றினால் பவளமும் எங்கள் கல்லும் ஒரே மாதிரிதான் நுரைக்கும். இரண்டும் கால்சியம் கார்பனேட். வாழ்நாள் முழுவதும் கல்லாக மட்டுமே பார்த்த பொருளை ஓர் உயிர் தன் வீடாகக் கட்டிக்கொண்டிருப்பதை அறுபத்தைந்து வயதில்தான் பார்த்தேன்.

தொட்டியின் நடுவே இலையடுக்குப் போல விரிந்த ஒரு பவளம் இருந்தது. மொண்டிபோரா என்பது அதன் பேரினப் பெயர். என் பேத்தி பிறந்த 2015-இல் கட்டைவிரல் அகலத் துண்டாக வாங்கியது. நான் பார்த்தபோது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்திருந்தது. மகன் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் போன இரண்டாவது வாரம், அதன் அடியில் பாறை இடுக்கில் ஒரு பூவைக் கண்டேன். தேன்நிறத்தில் ஒளி ஊடுருவும் தண்டு, அதன் உச்சியில் மெல்லிய இழைகள் வட்டமாக விரிந்து நீரோட்டத்தில் அசைந்தன. விரல் நகம் அளவுகூட இல்லை. கடற்சாமந்தி என்று இந்த இனத்துக்குத் தமிழில் பெயர் வைத்தவர் இதைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று தோன்றியது. மகனிடம் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அது விரிந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாயிற்று. மீனுக்குப் போடும் இறால் துணுக்கை அதன் வாயருகே விழும்படி போட்டதும் உண்டு. முதியவர்களுக்கு இப்படி ஓர் இரகசியம் தேவைப்படுகிறது போலும்.

ஒரு மாதம் கழித்து மகன் அதைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"இது எப்பப்பா வந்துச்சு?"

"தெரியலடா. அழகா இருக்கேன்னு பார்த்தேன்."

"அழகுதான். பேரு ஐப்டேசியா. விட்டா தொட்டியையே முழுங்கிரும்."

ஏதோ ஒரு பவளத் துண்டை வாங்கியபோது அதன் அடிப்பாறையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றான். இழைகளில் கொட்டும் அணுக்கள் உண்டு. பக்கத்துப் பவளத்தைத் தீண்டித் தீண்டிப் பின்வாங்கச் செய்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கையால் பிடுங்கக்கூடாது, சுரண்டக்கூடாது. அடிப்பாதத்தின் ஒரு சிறு துணுக்குப் பாறையில் தங்கிவிட்டால் அதிலிருந்து முழு உயிர் ஒன்று முளைக்கும். பாறையை எடுத்து வெந்நீரில் போடுவதை நினைத்தும் பார்க்கக்கூடாது; சிலவகைப் பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, கொதிக்கும் ஆவியில் அது பரவிக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு. இத்தனையும் சொல்லிவிட்டு, அந்த வார இறுதியில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். வார இறுதிக்குள் அலுவலகம் அவனை இரண்டு வாரத்துக்கு வெளிநாடு அனுப்பியது.

அவன் போன நான்காம் நாள் நான் எண்ணியபோது ஐந்து இருந்தன. மொண்டிபோராவின் ஓர் ஓரம் வெளுத்திருந்தது. நான் ஊட்டி வளர்த்தவை என்ற எண்ணம் என்னை அரித்தது. சமையலறையில் கிடந்த இரும்பு இடுக்கியை எடுத்து ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிள்ளியெடுத்தேன். இடுக்கி நெருங்கும்போதே அவை சட்டென்று சுருங்கித் துளைக்குள் போயின. விடாமல் சுரண்டினேன். துணுக்குகள் நீரில் பறந்தன. அவன் சொன்னது நினைவிலிருந்தும் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆலையில் இருந்த காலம் முழுதும் உடைத்துத்தான் பழக்கம். உடைத்தால் பெருகும் என்பதை அறிவு ஏற்றாலும் கை ஏற்கவில்லை.

இதை நான் அறியாதவன் என்றும் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தோடு வாழாதவர் யார்? வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலாகத் தழைக்கும். நெற்றைத் தின்ற ஆடு போகுமிடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். 2017-இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, ஊர் ஊராக எந்திரங்கள் வந்து அவற்றைப் பிடுங்கியபோது நானும் நின்று பார்த்தேன். வேரோடு எடுக்காத இடங்களில் அடுத்த மழைக்குப் பச்சை கட்டிவிட்டது. அதே மரத்தின் கரிமூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களையும் அறிவேன். வந்தேறி என்று ஒன்றைச் சொல்வது எளிது. அதன் நிழலில் நின்றுகொண்டுதான் நாம் அதைச் சொல்கிறோம்.

மகன் திரும்பி வந்தபோது முப்பதுக்கு மேல் இருந்தன. குண்டூசித் தலை அளவில், பாறையெங்கும். "எப்படிப்பா இத்தனை?" என்று கேட்டான். நான் பேத்தியின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பின் ஒவ்வோர் இரவும் அவன் அவற்றைக் கொல்லும் வேலையில் இருந்தான். முதலில் ஓர் இறால் வகையை வாங்கிவந்தான். பெப்பர்மின்ட் இறால் என்பார்கள். கடையில் இதைப் போலவே தோன்றும் வேறோர் இறாலைத் தந்துவிடுவதும் உண்டு, அது பவளத்தைக் கொத்தும் என்று அவன் கவனமாகப் பார்த்து வாங்கினான். அவை சிறியவற்றைத் தின்றன, பெரியவற்றை அண்டவில்லை. பெரியவற்றுக்கு என்ன செய்வது என்றபோது, அவன் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி டப்பாவை எடுத்தான். திறந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றிய சுண்ணாம்பு.

கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகும். நீர் ஊற்றினால் கொதித்து நீறும். என் அம்மா வெற்றிலையில் தடவியது அதைத்தான், வீட்டுச் சுவருக்கு அடித்ததும் அதைத்தான். அதை இங்கே எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பவளம் எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும், தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டால் அது கிடைக்கும் என்றான். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் பரப்பிய முறை. இன்றும் அதற்கு ஜெர்மன் பெயரே வழங்குகிறது, கால்க்வாஸர், அதாவது சுண்ணாம்பு நீர். அதே பொடியைக் குறைந்த நீரில் களிம்பாகக் குழைத்துக் கடற்சாமந்தியின் வாயில் வைத்தால் காரம் அதை உள்ளிருந்தே வேகவைத்துவிடும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள் நம்மூரில். இங்கே இரண்டு கண்ணுக்கும் சுண்ணாம்புதான். அளவு ஒன்றுக்கு உணவாக்கியது, மற்றதற்கு நஞ்சாக்கியது.

களிம்பு குழைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த வீட்டில் நான் வல்லவனாக இருந்த ஒரே வேலை அது. பம்புகளை நிறுத்திவிட்டு, ஊசிக்குழலை மிக மெதுவாக அருகே கொண்டுபோக வேண்டும். நிழல் பட்டாலும் சுருங்கிவிடும். அசையாமல் காத்திருந்தால் உணவென்று நினைத்து வாயைத் திறக்கும். அப்போது மூடி நிரப்பிவிட வேண்டும். ஓர் இரவில் நாலைந்துக்கு மேல் கூடாது. நீரின் காரத்தன்மை ஏறி மற்ற உயிர்களைத் தாக்கும். பசியால் திறந்த வாயில் அதைச் செலுத்தும்போது, நான் இறால் துணுக்குப் போட்ட காலைகள் நினைவுக்கு வந்தன.

மூன்றாம் இரவோ நான்காம் இரவோ, விளக்கணைத்த கூடத்தில், நான் சொன்னேன். "நான்தான்டா பிடுங்கினேன். நீ சொல்லியும்."

அவன் ஊசிக்குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்பா. இடுக்கி துருப்பிடிச்சிருந்துச்சு."

உப்புநீரில் நனைத்ததை அலசாமல் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மொண்டிபோராவில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சிய நல்ல பகுதியை உடைத்து வேறு பாறையில் ஒட்டினான். உடைத்தால் பவளமும் பிழைத்து வளரும் என்பதை அப்போதுதான் கண்டேன். இரண்டுக்கும் இருக்கும் அதே வல்லமையை ஒன்றில் பிழைப்பு என்றும் மற்றதில் பீடை என்றும் சொல்கிறோம். பவளத்தைப் போலவே ஐப்டேசியாவின் உடலுக்குள்ளும் ஒளியில் உணவு சமைக்கும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வளர்ப்பது எளிது, சாகடிப்பது அரிது என்பதாலேயே ஆய்வாளர்கள் பவளத்துக்குப் பதிலியாக இதை ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். 2015-இல் இதன் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தனவே, அப்படி வெளுக்கும்போது உயிருக்கும் பாசிக்கும் இடையே என்ன முறிகிறது என்பதை அறிய இந்தப் பீடை உதவிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் வேலையை முடித்தது பெர்கியா என்னும் ஓடில்லாத கடல்நத்தை. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். இரவில் வெளிவரும். ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்ணாது. தின்றதன் கொட்டும் அணுக்களைத் தன் முதுகுத் தூவிகளில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக்கிக்கொள்ளும். எட்டு வாங்கி விட்டான். நான் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் காணொளியில் தொட்டியைக் காட்டினான். ஒன்றுகூட இல்லை. "இனி நத்தைக்குச் சாப்பாடு இல்லப்பா. இன்னொருத்தர் வீட்ல வந்திருக்காம், பாட்டில்ல போட்டு எடுத்துட்டுப் போறேன்" என்றான். எதிரி தீர்ந்தால் பட்டினியில் சாகும் உயிர், ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறது.

ஆலைக் குடியிருப்பில் இருந்தபோது அவனுக்குப் பத்து வயது. பின்கட்டில் ஒரு சிமென்ட் தொட்டியில் கண்மாயிலிருந்து பிடித்துவந்த கெண்டைக் குஞ்சுகளையும் அயிரைகளையும் வளர்த்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் நான் மீன்களை வாளியில் அள்ளிப்போய்க் கண்மாயில் விட்டுவிட்டு, கொக்கு வந்து கொத்திப் போய்விட்டது என்றேன். அவன் அழவில்லை. சில நாள் பள்ளி விட்டு வந்ததும் பின்கட்டில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கைத் தேடுகிறான் என்று நினைத்தேன். அந்த வாளியை நான் கழுவி வைத்தேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

இடுக்கியைப் பற்றிச் சொன்ன இரவில் இதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இங்கே எழுதுவதை அவன் தவறாமல் படிப்பான்.