நூல் பெரிதா, படம் பெரிதா?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின், பங்கு இல்லத் திண்ணையில் நம்மோடு சிறிது நேரம் பேசிவிட்டுப் போகும் வழக்கமுடைய இளைஞன் ஒருவன் உண்டு. கல்லூரியில் பயில்பவன், கூச்ச சுபாவம் உடையவன். பாடற்குழுவில் நிமிர்ந்து நின்று பாடுவான். தனியே பேசச் சொன்னாலோ தரையைப் பார்ப்பான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று அவன் வழக்கத்திற்கு மாறான உற்சாகத்துடன் வந்து, தான் பார்த்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லலானான்.

"அந்தப் படத்தில் ஒரு துப்பாக்கி வருகிறது, சாமி. அதனால் சுட்டால் யாரும் சாவதில்லை. சுடப்பட்டவர், சுட்டவருடைய பார்வையில் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவர் படுகிற பாடு இவருக்கும் விளங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!"

அவன் பேசிய படத்தின் கதையை நாம் குருமடத்தில் பயின்ற காலத்திலேயே நூலாகப் படித்திருந்தோம். ஒரு முறையன்று, பல முறை. எனவே நம் வாயிலிருந்து வந்த விடை இது: "தம்பி, நீ நூலைப் படித்ததில்லை என்பது தெரிகிறது. நூலில் அப்படி ஒரு துப்பாக்கியே கிடையாது. படம் எடுத்தவர்கள் யாரோ ஒட்டவைத்த சரக்கு அது."

"சரிங்க, சாமி" என்றான். போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் திண்ணைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அக்கதையை அறியாத வாசகர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதனை இயற்றியவர் 1952-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்த டக்ளஸ் ஆடம்ஸ். 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்பது அதன் பெயர். வழியில் போகும் வாகனங்களில் தொற்றிக்கொண்டு விண்வெளியைச் சுற்றுவோருக்கு ஒரு கையேடு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆர்தர் டென்ட் என்னும் சாதாரண மனிதரின் வீட்டை, புறவழிச்சாலை போடுவதற்காக இடிக்க வருகின்றனர். அதே நாளில், விண்வெளியில் ஒரு புறவழிப்பாதை அமைப்பதற்காக, இப்பூமியையே இடிக்க வோகன்கள் எனும் வேற்றுலக அதிகாரிகள் வந்து சேர்கின்றனர். பூமி அழிகிறது. டென்ட், உடுத்தியிருந்த வீட்டு அங்கியோடு, வேற்றுலகத்து நண்பர் ஒருவரால் காப்பாற்றப்பட்டு விண்வெளியில் அலைகிறார். வாழ்வு முதலான அனைத்திற்கும் விடை யாது என்று ஒரு மாபெரும் கணிப்பொறியைக் கேட்கின்றனர். அது 75 இலட்சம் ஆண்டுகள் சிந்தித்து, '42' என்று விடை பகர்கிறது. கேள்வி இன்னதென்று சரியாக அறியாமலே விடையைத் தேடியவர்களுக்கு வேறென்ன கிடைக்கும்?

ஆடம்ஸ் தம்மைக் கடவுள் மறுப்பாளர் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டவர். அவருடைய கதையைப் பங்குத்தந்தை ஒருவர் படிப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். மனிதனின் இறுமாப்பை எள்ளி நகைக்கும் எழுத்து, யார் எழுதினாலும், நமக்கு ஆன்ம சோதனைக்கு உதவுவதே. மேலும், அக்கதையில் 'பேபல் மீன்' என்றொரு சிறு மஞ்சள் மீன் வருகிறது. அதைக் காதுக்குள் விட்டுக்கொண்டால் எம்மொழியும் விளங்கிவிடும். அதன் பெயர் ஆதியாகமத்தின் பாபேல் கோபுரத்திலிருந்து வந்தது. அம்மீனை வைத்துக் கடவுளின் இருப்பைக் குறித்தும் ஆசிரியர் ஒரு பகடி செய்கிறார். குருமாணவனாக அதைப் படித்தபோது நாம் சினம் கொள்ளவில்லை, வாய்விட்டுச் சிரித்தோம். ஒரு சிரிப்பினால் ஆட்டங்காணும் விசுவாசம் நமக்கு எதற்கு?

இனி, இக்கதையின் அன்பர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடம்ஸ் 2001-ஆம் ஆண்டு மே 11 அன்று, 49-ஆம் வயதில், அமெரிக்காவில் மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டு முதல், மே 25-ஆம் நாளில், பல நாடுகளிலும் உள்ள அவருடைய வாசகர்கள் தோளில் ஒரு துவாலையுடன் வெளியே செல்கின்றனர். விண்வெளிப் பயணிக்குத் துவாலையே இன்றியமையாத உடைமை என்று கையேடு கூறுகிறதாம்! கதையை வரிக்கு வரி மனப்பாடமாக அறிந்தவர்கள் அவர்களுள் பலர்.

2005-ல் திரைப்படம் வெளிவந்தபோது இவ்வன்பர்கள் இரண்டு பட்டனர். வீட்டை இடிக்கும் அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டிருந்தது என்று டென்ட் அதிகாரியோடு வாதிடும் புகழ்பெற்ற உரையாடல் வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டது என்றனர் சிலர். டென்டுக்கும் டிரில்லியன் என்னும் பெண்ணுக்கும் இடையே நூலில் இல்லாத காதல் புகுத்தப்பட்டுவிட்டது என்றனர் வேறு சிலர். ஹும்மா காவுலா என்றொரு புதுப் பாத்திரம் எதற்கு, அந்தத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. மற்றொரு சாராரோ, மார்வின் என்னும் சோகமே உருவான எந்திரனுக்கு ஆலன் ரிக்மன் கொடுத்த குரலொன்றே போதும் என்றனர். 1981-ல் பி.பி.சி. தொலைக்காட்சி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரே சிறந்தது என்று சாதித்தவர்களும் இருந்தனர். எத்தரப்பினர் ஆயினும், இறுதியில் அவர்கள் ஓங்கிய ஆயுதம் ஒன்றே: "மூலத்தில் அப்படி இல்லை." திண்ணையில் நாம் ஓங்கியதும் அதுவே அன்றோ?

அந்த இளைஞன் வராத ஞாயிறுகள் நம் மனத்தை உறுத்தின. ஆயினும் நாம் முதலில் செய்தது, அவனைத் தேடிச் சென்றதன்று. நாம் சொன்னது சரிதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள முற்பட்டதே. அம்முயற்சியில்தான் நமக்குப் பாடம் காத்திருந்தது.

நாம் மூலம் என்று மார்தட்டிய அந்நூல் மூலமே அன்று! கதை முதன்முதலில் பிறந்தது வானொலியில். 1978-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இரவு 10.30 மணிக்கு, பி.பி.சி.யின் நான்காம் வானொலியில், பெரிய விளம்பரம் ஏதுமின்றி அது ஒலித்தது. நூல் வந்ததோ 1979-ல். நண்பர் ஜான் லாய்டுடன் சேர்ந்து ஆடம்ஸ் எழுதியிருந்த வானொலிப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை அவர் நூல்களில் சேர்க்கவில்லை. பின்னர் 1980, 1982, 1984, 1992 ஆகிய ஆண்டுகளில் வந்த தொடர் நூல்களில் கதை எங்கெங்கோ சென்றது. தொலைக்காட்சிக்கு வந்தபோதும் சில மாறின. 1979-ல் நூலைக் கையிலெடுத்த வானொலி நேயர் ஒருவர், "மூலத்தில் அப்படி இல்லையே" என்று நம்மைப் போன்ற நூலன்பர்களையே மடக்கியிருக்கலாம்!

ஒவ்வொரு முறை சொல்லும்போதும், சொல்லப்படும் கருவிக்கு ஏற்ப ஆசிரியர் மாற்றிச் சொன்னார். ஸேபோடு என்னும் பாத்திரத்திற்கு இரண்டு தலைகள். வானொலியில் அதற்கு ஒரு வரி வசனம் போதும்; மற்றதைக் கேட்பவரின் கற்பனை பார்த்துக்கொள்ளும். தொலைக்காட்சியிலோ, எந்திரத்தால் இயங்கும் செயற்கைத் தலை ஒன்றைச் செய்து நடிகரின் தோளில் பொருத்த வேண்டியிருந்தது. அது அடிக்கடி பழுதாகித் தொல்லை கொடுத்தது. திரைப்படத்திலோ இரண்டாம் தலையை முதல் தலையின் கீழே ஒளித்துவைத்து, வேண்டும்போது வெளிவரச் செய்தனர். தொலைக்காட்சியில் கையேட்டின் பக்கங்கள் கணிப்பொறித் திரை போல ஒளிர்வதைக் கண்டு வியந்தோர் பலர். உண்மையில் அவை கையால் வரையப்பட்ட படங்கள். காதுக்கு எளிதானது கண்ணுக்கு அரிது. கண்ணுக்கு எளிதானது ஏட்டுக்கு அரிது. கருவி மாறினால் சொல்லும் முறையும் மாறத்தானே வேண்டும்?

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, நம் தலையைக் குனியவைத்த செய்தி மற்றொன்று. திரைப்படத்தின் கதைவசனத்தை ஆடம்ஸ் தம் இறுதிக்காலம் வரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் மறைந்த பின் மற்றொருவர் அதை நிறைவுசெய்தார். நூலில் இல்லாத அந்த ஹும்மா காவுலாவும், அந்தத் துப்பாக்கியும், ஆடம்ஸே படத்திற்காகப் படைத்தவை! யாரோ ஒட்டவைத்த சரக்கு என்று நாம் எள்ளியது, மூல ஆசிரியரின் கைவண்ணம். அதை அடையாளம் கண்டு மகிழ்ந்தவன், நூலைப் படியாத அந்த இளைஞன். நூலைப் பல முறை படித்த நாமோ அதைக் காணவில்லை.

அன்றிரவு செபப் புத்தகத்தை விரித்தபோது நற்செய்தியின் நினைவு வந்தது. தெய்வ ஏவுதலால் எழுந்த நூலையும் ஒரு வேடிக்கைக் கதையையும் நாம் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் எண்ண வேண்டாம். ஆயினும், பேறுபெற்றோர் யாவர் என்னும் போதனையை ஆண்டவர் மலைமேல் அமர்ந்து சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். சமவெளியில் நின்று சொன்னதாக லூக்காஸ் எழுதுகிறார். ஆண்டவர் கற்பித்த செபமும் மத்தேயுவில் நீண்டும் லூக்காஸில் சுருங்கியும் உள்ளது. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இணைத்து ஒரே வரலாறாகத் தொகுத்தார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. எனினும் இறுதியில் திருச்சபை போற்றிக் காத்தது, ஒன்றோடொன்று சிற்சில இடங்களில் வேறுபடும் அந்த நான்கையுமே. சிலுவைப்பாதையின் ஆறாம் தலத்தில் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைக்கும் வெரோணிக்காவை எண்ணிப் பாருங்கள். நான்கு நற்செய்திகளில் எதிலும் அந்நிகழ்ச்சி இல்லை. அதற்காக, அத்தலத்தில் முழந்தாளிட்டுக் கண்ணீர் வடிக்கும் மூதாட்டியிடம், "பாட்டி, மூலத்தில் அப்படி இல்லை" என்று நாம் சொல்வோமா?

செய்யப்படும் மாற்றம் எல்லாமே நன்று என்று நாம் வாதிட வரவில்லை. நல்ல உரையாடலைக் கத்தரித்தால் அது இழப்புதான். நூலன்பர்களின் குறையில் நியாயம் உண்டு. அன்புடையவர்க்கே மாற்றம் கண்ணில் படும். அன்பில்லாதவர் எதையும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த அன்பு, பிறன் பெற்ற மகிழ்ச்சியைத் தட்டிப் பறிக்கும்போது, அது கதையின்மேல் கொண்ட அன்பா, நம் அறிவின்மேல் நாம் கொண்ட அன்பா? படத்தை எடுத்தவர்கள் இதில் நமக்கு முன்மாதிரி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் டென்டாக நடித்த சைமன் ஜோன்ஸை அழைத்துத் தம் படத்தில் ஒரு சிறு வேடம் கொடுத்தனர். பழைய தொலைக்காட்சி மார்வினையும், வரிசையில் காத்திருக்கும் ஓர் உருவமாக, காட்சி ஒன்றில் நிறுத்திவைத்தனர். புதியது பழையதை வணங்கிற்று. பழையதை அறிந்த நாம் புதியவனை வணங்கத் தவறினோம்.

இன்னொன்றும் தோன்றியது. பழைய கதையில் வரும் பேபல் மீன், மொழித்தடையை நீக்கிவிடுகிறது. ஆயினும் அதனாலேயே போர்கள் பெருகின என்று ஆசிரியர் கேலியாகக் கூறுகிறார். ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்கினால் மட்டும் சமாதானம் வந்துவிடாது என்பது கருத்து. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அவரே ஒரு துப்பாக்கியைப் படைக்கிறார். அது மொழியை அன்று, பார்வையைத் தருகிறது. நம் குடும்பங்களில் மீனுக்குக் குறைவில்லை. ஒரே மொழி பேசுகிறோம், ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது, அதனாலேயே சண்டையும் வருகிறது. குறைவது அந்தத் துப்பாக்கியே. அன்று திண்ணையில் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நமக்கு விளங்கிற்று. "எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால்" என்று அவன் சொன்னதையும் கேட்டோம். கேட்டும், நூலைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம். "தம்பி, நீ சொன்னதுதான் சரி. அந்தத் துப்பாக்கியை வைத்தவர் ஆசிரியரேதான். தவறு நம்முடையது" என்றோம். அவன் சிரித்தான். "உங்கள் வீட்டில் அது எதற்குத் தேவைப்பட்டது?" என்று கேட்டபோது சிரிப்பு நின்றது. வழக்கம்போல் தரையைப் பார்த்தான். பிறகு பேசினான், நெடுநேரம் பேசினான். அவன் சொன்னது இப்பக்கங்களுக்கு உரியதன்று. கேட்க வேண்டிய நாளில் கேட்டிருந்தால், ஐந்து வாரத் துன்பம் அவனுக்குக் குறைந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த ஞாயிறு அவன் திண்ணைக்கு வந்தான். வானொலித் தொடரின் முதற்பகுதியைத் தேடியெடுத்துக் கொண்டுவந்திருந்தான். நூலைப் படித்தவரும் படத்தைப் பார்த்தவனுமாக இருவரும் அருகருகே அமர்ந்து கேட்டோம். இருவருக்கும் அது முதன்முறை. சிரிக்க வேண்டிய இடங்களில் அவன் நமக்கு முந்திச் சிரித்தான்.

அன்பான பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ எங்கோ கண்டு வியந்த ஒன்றைச் சொல்ல ஓடிவரும்போது, அது மூலத்தில் உண்டா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது. பிள்ளை ஓடிவிடும். முதலில், "அதில் உனக்குப் பிடித்தது எது, ஏன்?" என்று கேளுங்கள். கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள்.