கோவில்பதாகையில் ஒரு மனை

சென்டிரலில் மின்சார ரயில் ஏறி ஆவடியில் இறங்கினால், வடக்கே சிறிது தூரத்தில் இருக்கிறது கோவில்பதாகை. பதாகை என்றால் கொடி என்பதை நேயர்கள் அறிவார்கள். சுந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் நாம் சென்ற அன்று முதலில் கண்ணில் பட்டவை, மனை அளந்து நட்ட கற்களுக்குப் பக்கத்தில் பறந்த சிவப்பு, மஞ்சள் துணிகளே. பெயரை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை!

நாம் போனது ஸ்வாமி தரிசனத்துக்காக அல்ல. நம்முடன் உத்தியோகம் பார்க்கும் கணக்கு வாத்தியார் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். முப்பது வருஷமாக வாடகை வீடு. சேமநிதிப் பணத்தில் ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்பது அவர் சம்சாரத்தின் ஆக்ஞை. "நீங்களும் வாருங்கள், ஸார், எனக்குத் தரகரிடம் பேசத் தெரியாது" என்று அழைத்தார். நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்ம மாதிரியான சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்தது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. வேலைக்கு வந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றபின் சொந்த ஊர் திரும்பாமல் அக்கம்பக்கத்திலேயே மனை தேடினார்கள். 2019-ல் ஆவடி மாநகராட்சியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நிலத்தின் விலை ஒரு படி ஏறியது.

நிலத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு. மற்றது தரகர் வாயில் பிறப்பது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 11 சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி உயர்த்தி, கட்டணத்தை 9 ஆக்கினார்கள். கட்டணம் குறைந்ததென்று நாம் சந்தோஷப்பட்டோம். சிநேகிதர் ரயிலிலேயே கணக்குப் போட்டார்: நூறு ரூபாய் மதிப்புள்ள நிலத்துக்கு முன்பு 7 ரூபாய் 37 காசு, பின்பு 9 ரூபாய்! நம் சந்தோஷம் வில்லிவாக்கத்தோடு இறங்கிவிட்டது.

தரகர் காட்டிய மனை அரை கிரவுண்டு. 1200 சதுர அடி. "ஏரிக் காற்று, ஸார்! லேக் வியூ!" என்றார். சாலையோரத்து மனைகளைவிட விலையும் கணிசமாகக் குறைவு. சிநேகிதரின் முகம் மலர்ந்தது. முன்பணம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் இடுப்பளவு உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. என்னவென்று கேட்டோம்.

"அது புயல்ல வந்த தண்ணி, ஐயா. ரெண்டாயிரத்து இருபத்துமூணு மார்கழிக்கு முன்னால. அஞ்சு நாள் நின்னுச்சு. இதெல்லாம் எங்க மாமனார் நெல்லு வெச்ச கழனிதானே? அப்ப மேட்டு நிலத்தை யாரும் சீண்டமாட்டாங்க. ஏரிக்குக் கீழே ஒரு காணி இருந்தா பொண்ணு குடுப்பாங்க."

ஏரிப் பாசனத்து நன்செய்க்குப் புன்செய்யைவிடத் தீர்வையும் அதிகம், மதிப்பும் அதிகம் என்பது அந்தக் கால ஒழுங்கு. தண்ணீர் தானாக வந்து பாய்ந்ததால்தான் அந்த மதிப்பு. கழனியின் வரப்பை அழித்து மனைக்கல் நட்டபின்னும் தண்ணீருக்கு வழி மறக்கவில்லை. தரகர் குறைத்துச் சொன்ன தொகைக்குக் காரணம் ஏரிக் காற்று அல்ல என்று அப்போதுதான் விளங்கிற்று.

"வரன்முறை உத்தரவு இருக்கிறதா?" என்று சிநேகிதர் மெதுவாகக் கேட்டார். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைகளை 2017-ம் வருஷத்து விதிகளின்படி வரன்முறை செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கட்டட அனுமதியும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. தரகர் "ஆகிடும், ஸார்" என்றார். ஆகிவிட்டது என்று சொல்லவில்லை.

திரும்பும்போது மேட்டுப் பக்கத்தில் ஒரு மனைக்கு விலை விசாரித்தோம். சேமநிதி முழுவதும் போட்டாலும் பாதிக்குத்தான் வந்தது. சிநேகிதர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வீட்டில் என்ன சொல்வது, ஸார்?" என்று ஆவடி பிளாட்பாரத்தில் கேட்டார். பாட்டி கொடுத்த கீரைக் கட்டு அவர் கையில் இருந்தது.