பனியில்லாத குளிர்காலம்: ஈப்போவிலிருந்து லூமுட் வரை

2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. போனவர்கள் இருவர். ஜெஃப்ரி வெப் மலைச்சரிவில் சறுக்கினார். ஜூலியன் யீ பனித்தளத்தில் கலைச்சறுக்கில் போட்டியிட்டார். ஜூலியன் சறுக்கப் பழகியது ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்தில். பனி பெய்யாத நாட்டுக்குக் குளிர்கால விளையாட்டு என்றால் அவ்வளவுதானா? பேராக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: ஈப்போவில் கிளம்பி மேற்கே லூமுட் கடலைத் தொடும், ஏறக்குறைய 85 கிலோமீட்டர் சாலை.

இதற்குப் பருவம்தான் துணை. சைபீரியாவையும் வட சீனாவையும் உறைய வைக்கும் குளிர்காற்று, நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலைத் தாண்டி வடகிழக்குப் பருவமழையாக கிளந்தான், திரெங்கானு கரைகளில் கொட்டுகிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் பல அந்த மாதங்களில் மூடிக் கிடக்கும். குறுக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால், அதே நேரத்தில் லூமுட் பக்கத்துக் கடலில் பெரும்பாலும் அலை அடங்கியிருக்கும்.

ஈப்போவை விட்டு வெளியேறும் முன்பே முதல் விளையாட்டுத் திடல் வந்துவிடுகிறது. கடலைக்குப் பேர்போன மெங்லெம்புவின் தலைக்கு மேலே நிற்பது 808 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலை. உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்காகப் போட்ட தார்ச்சாலையில் விடியற்காலையிலேயே ஆட்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். இளைஞர்கள் ஓடுகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் கையில் குச்சியோடு நிதானமாக நடக்கிறார்கள், காட்டுப் பாதைகளில் மலைச் சைக்கிள்கள் இறங்குகின்றன. மழை பெய்த மறுநாள் அந்தப் பாதைகளில் செம்மண் வழுக்கும், வேர்கள் காலை இடறும். இறங்குபவர்கள் ஏறுபவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டிய மலை இது.

பூசிங், அதைத் தாண்டினால் சிப்புத்தே, துரோனோ என்று சாலை பழைய ஈய வட்டாரத்துக்குள் நுழைகிறது. ஈயம் தோண்டிய பள்ளங்களெல்லாம் இன்று குட்டைகளாக மின்னுகின்றன. ஸ்ரீ இஸ்கந்தாரில் 1997-இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அப்படிப்பட்ட நிலத்தில் எழுந்ததுதான். அதன் கட்டடம் 2007-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. வார இறுதிகளில் குட்டைக் கரைகளில் தோமான் மீனுக்குத் தூண்டில் போடுபவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். மீன் பிடிக்கலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது. ஓரத்தில் முழங்காலளவு இருக்கும் தண்ணீர் அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும். கரை மணலும் சரியும்.

போத்தாவில் பேராக் ஆறு குறுக்கிடுகிறது. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளம் இதற்குத்தான். அழிவின் விளிம்பிலிருக்கும் துந்தோங் என்ற ஆற்று ஆமையைக் காப்பாற்றிப் பெருக்கும் மையம் போத்தா கானானில் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்தலாம்.

அதற்கப்பால் ஆயர் தாவார், சித்தியவான். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் சாயங்காலம் திடலில் பந்து உதைக்கும் பழக்கம் கூடவே வந்திருக்கிறது.

லூமுட்டில் சாலை முடிந்து கடல் தொடங்குகிறது. கடற்படைத் தளமுள்ள ஊர்; படகுத்துறையில் பங்கோர் தீவுக்கான ஃபெரி நிற்கும். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் தெலுக் பாத்தேக். பிறைபோல வளைந்த அந்தக் கடற்கரையில் நீந்தலாம், காயாக் ஓட்டலாம், வாழைப்பழப் படகில் ஏறி நனையலாம். ஃபெரியில் பங்கோர் போகிறவர்கள் இளஞ்சிவப்பு வேன்களை விட்டுவிட்டு, சைக்கிளில் தீவைச் சுற்றுவது நல்லது. மேடுகள் தொடையைப் பதம் பார்க்கும். தெலுக் நிப்பாவில் இறங்கினால் இருவாச்சிகள் தலைக்கு மேலேயே பறக்கும். இதே பருவத்தின் கடைசியில் மாசி மகம் வருகிறது. தீவிலுள்ள பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவுக்காக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கடல் தாண்டுகிறார்கள்.

தெலுக் பாத்தேக்குக்குப் பக்கத்திலேயே தெலுக் ரூபியா என்று இன்னொரு அழகான கடற்கரை இருந்தது. 2014 முதல் அங்கே இயங்குவது இரும்புத்தாதுத் துறைமுகம். வேலை தரும் தொழில் வேண்டும்தான். ஆனால் கட்டணமில்லாமல் ஏழைப் பிள்ளையும் இறங்கி விளையாடக்கூடிய கரை இந்த வட்டாரத்தில் அதிகமில்லை. மிச்சமிருக்கும் மலைப்பாதையும் கடற்கரையும் பொதுமக்களுக்கே திறந்திருக்க வேண்டும். போகிறவர்களும் தங்கள் பங்குக்குப் படகில் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொள்ளுங்கள், கொண்டுபோன நெகிழிப் பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள்.